சாட்சியில்லாக் குடும்பம்

எங்கள் சபையில் தேவனுடைய ராஜ்யம் சென்ற ஜூன் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாட்டுக்கும் காணிக்கைக்கும் நடுவில் அமலுக்கு வந்தது. போதகர் எசேக்கியா ஐயா அதற்கு முந்தின வாரம்தான் மலைமேல் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்த் தொண்டை கட்டித் திரும்பியிருந்தார். ராஜ்யம் என்பது செத்த பிறகு போய்ச் சேரும் ஊர் இல்லை, பஸ்ஸிலும் கடையிலும் அடுப்படியிலும் அன்றாடம் வாழ்ந்து காட்ட வேண்டியது என்று அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள். நல்ல பேச்சுதான். இத்தனை வருஷம் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்த நல்ல பேச்சை நடைமுறைப்படுத்துவதற்கு உடனே ஒரு குழு போட்டார்கள். அதோடு ஒழிந்தது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, வேலூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது எங்கள் அருணோதய ஆலயம். திருவண்ணாமலையில் இப்படி ஒரு பெயர் வைத்தால் என்ன ஆகும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜ் என்று நினைத்துப் பையும் பிள்ளையுமாக உள்ளே நுழைந்து, "ரூம் இருக்குங்களா?" என்று கேட்பார்கள். வாட்ச்மேன் "ரூம் இல்ல, போங்க போங்க" என்று விரட்டுவான். டிசம்பர் மாதம் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரனாக நின்று நிறைமாதக் கர்ப்பிணியிடம் இதே வசனத்தைச் சொல்லும்போது மட்டும் நாங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம்.

நான் இந்தச் சபையில் கடைசி பெஞ்சுக்காரன். தொழில் தையல். அதனால்தான் குழுக் கூட்டங்களுக்குள்ளே போக எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ராஜ்ய நடைமுறைக் குழுவினர் எல்லாருக்கும் ஊதா வெல்வெட்டில் தோள்பட்டை, அதாவது தோளுக்குக் குறுக்கே போடுகிற பட்டை, தைக்கச் சொன்னார்கள். அதில் ஜரிகையால் 'பணிவிடைக்காரன்' என்று எழுத வேண்டும். செயலாளர் சத்தியநேசன் தனக்கு மட்டும் 'தலைமைப் பணிவிடைக்காரன்' என்று போடச் சொல்லி, ஜரிகை இரண்டு இழை ஜாஸ்தியாக ஓடட்டும் என்றார். அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிட்டயரானவர். ஜெபத்திலேயே "மேற்படி பாவங்களை ரத்து செய்து உத்தரவிட வேண்டுகிறோம்" என்று கேட்பார். ஆண்டவரும் பழகிவிட்டார் போலிருக்கிறது.

குழு வேலையில் இறங்கியது. கடைசியில் இருப்பவன் முதலிடத்துக்கு வருவான் என்று ராஜ்யத்தில் ஒரு போதனை உண்டல்லவா? அதை முதலில் கையில் எடுத்தார்கள். மறு ஞாயிறு நான் போனபோது கடைசி பெஞ்சைக் காணோம். அந்த இடத்தில் சோபா போட்டு, தலைக்கு மேல் ஏசி மாட்டி, குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க தாழ்மையோட கடைசிக்கு வந்துட்டோம். நீங்க எல்லாம் முன்னாடி போங்க" என்றார் செயலாளர். மின்விசிறி இல்லாத முன்வரிசையில் நாங்கள் வேர்த்து வழிந்து ராஜ்யத்தை அனுபவித்தோம்.

அடுத்து கால் கழுவும் ஆராதனை. பெரியவர்கள் சிறியவர்களின் காலைக் கழுவ வேண்டும். சிறியவன் என்று குழு தேர்ந்தெடுத்த ஆள் அன்பரசன். தண்ணி கேன் அன்பு என்றால் வேங்கிக்காலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பழைய குட்டியானை வண்டியில் வீடு வீடாக, லாட்ஜ் லாட்ஜாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். நல்ல மனுஷன். மைக்கைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு முதல் நாளே தகவல் போயிற்று: கழுவப்படும் கால்கள் முன்கூட்டியே கழுவப்பட்டு, நகம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். பாவம், அவன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கால் தரையில் படாமல் மகள் தென்றலின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். செயலாளர் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து நாலு சொட்டு விட்டார். போட்டோக்காரன் "சார், இன்னொரு வாட்டி" என்றான். இன்னும் நாலு சொட்டு விட்டார். அந்தப் படம் ஃப்ளெக்ஸ் பேனராகி ஆலய வாசலில் நின்றது. அதில் செயலாளரின் முகம் தெரிந்தது, அன்பரசனின் கால் தெரிந்தது. அன்பரசன் தெரியவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சாட்சி விஷயத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை நடுவில் மைக் பிடித்துச் சொல்வதற்கு எங்களிடம் சாட்சி என்று பெயர். முன்பெல்லாம் தோன்றியவர் சொல்வார், தோன்றாதவர் சும்மா இருப்பார். ராஜ்யம் வந்த பிறகு ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்குள் ஒரு சாட்சியாவது சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சொல்லாத வீட்டுக்குச் 'சாட்சியில்லாக் குடும்பம்' என்று பெயர். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை, கல்யாணத்துக்கு ஓலை இல்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை.

ஜனங்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். வாரா வாரம் சாட்சி பொங்கி வழிந்தது. ஒருவருக்கு ரிங் ரோட்டுப் பக்கம் மூலை மனை கிடைத்தது. ஒருவர் பையனுக்குக் கனடா விசா வந்தது. ஒரு சகோதரி, தெருவில் எல்லார் வீட்டு மோட்டாரும் புகைந்தபோது தன் வீட்டு மோட்டார் மட்டும் தப்பியதைச் சொல்லி ஆனந்தக் கண்ணீர் விட்டார். பக்கத்து வீட்டுக்காரியும் எங்கள் சபைதான். அவளும் ஸ்தோத்திரம் சொன்னாள்.

அன்பரசனுக்கு அவசரம் இருந்தது. தென்றலுக்கு ஆரணிப் பக்கம் மாறன் என்ற பையனோடு நிச்சயமாகி, ஓலை வாசிக்க வேண்டிய நேரம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பதைத்தான் ஓலை என்கிறோம். மூன்றும் வாசித்தால்தான் ஆலயத்தில் தாலி. அதனால் அவன் ஒரு சாட்சியைத் தயார் செய்துகொண்டு குழு முன்னால் போய் நின்றான். மைக் இல்லாததால் நாக்கு ஒட்டவில்லை.

"போன வாரம் வண்டி ஏத்தத்துல நின்னுடுச்சுங்க. வெயிலு கொளுத்துது. யாரோ ஒருத்தரு, பேரு கூட தெரியாது, வந்து மூச்சுப் புடிச்சு தள்ளி உட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாருங்க. ஆண்டவரே அனுப்பின மாதிரி இருந்துச்சு."

"தள்ளினவரு விசுவாசியா?" என்று கேட்டார் செயலாளர்.

"தெரியலீங்க. நெத்தி பூரா விபூதி இருந்துச்சு."

குழு தனியாகப் பேசிவிட்டு வந்தது. "கர்த்தர் நேரடியாத் தள்ளியிருந்தா பரிசீலிக்கலாம். மூணாம் மனுஷர் மூலமா வந்த நன்மை சாட்சிக் கணக்குல சேராது" என்று தீர்ப்பாயிற்று. போதகர் இரக்கப்பட்டு, முதல் இரண்டு ஓலையை நிபந்தனையின் பேரில் வாசிக்கலாம், மூன்றாவதற்குள் ஒழுங்கான சாட்சி ஒன்று கொண்டுவர வேண்டும் என்றார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அன்பரசன் சாட்சிக்கு எங்கே போவான்? தண்ணீர் கேன் போடுகிறவனுக்குத் தினமும் நடப்பது தண்ணீர் கேன்தான்.

இந்த நேரத்தில்தான் பௌர்ணமி வந்தது.

பௌர்ணமி அன்று வெளியூர் பஸ்களை ஊருக்குள் விடமாட்டார்கள். வேங்கிக்கால் பக்கம் தற்காலிகப் பஸ் நிலையம் போட்டு அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஜனங்கள் எங்கள் ஆலய வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நடந்தாக வேண்டும். ரோடே தெரியாது, தலையாகத்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்து ஆலயத்தில் பிறன் நிர்ணய உபகுழுக் கூட்டம். உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். தன்னை நேசிப்பது போலவே பிறனையும் நேசிக்க வேண்டும் என்பது ராஜ்யத்தின் தலைச் சட்டம். சட்டம் என்றால் வரையறை வேண்டாமா? பிறன் என்றால் யார் யார், எது வரைக்கும் என்று தெரியாமல் எப்படி நேசிப்பது, ஆள் மாறிப்போய்விட்டால் என்ன செய்வது என்று செயலாளர் கேட்டார். அதற்காகத்தான் உபகுழு. மாதக்கணக்காக உட்கார்ந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் வந்திருந்தார்கள்.

நான் தோள்பட்டைகளைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன். வெளியே ஒரு பெண்பிள்ளையின் அலறல் கேட்டது. "இந்தக் கூட்டத்துல ஒரே சத்தம். ஜன்னலைச் சாத்துங்க" என்றார் போதகர். யாரோ சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார். "ரோடுன்னு ஒண்ணு இருக்குனே தெரியல இந்த ஜனங்களுக்கு. மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. பிறன்ல எங்க விட்டோம்?" என்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வாசலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். காசியம்மாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். நிலக்கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவள். மகள் பூஜாவோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவள், செருப்பு வார் அறுந்துபோனதால் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகக் குனிந்து நின்றிருக்கிறாள். கூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே செயலாளர் ஓட்டி வந்த கார் சட்டென்று கேட்டுக்குள் திரும்பியது. பின் சக்கரம் அவள் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. அன்பரசன் மூன்று முழ தூரத்தில் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். உபகுழுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன்.

செயலாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை. "யாரும்மா அது, வழியில நிக்கறது? அன்பு, என்னன்னு பாரு. மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் கழுவி, பேனரில் சிரித்த அதே மனுஷன்.

அன்பரசன் கேனை அங்கேயே போட்டான். காசியம்மாளைத் தூக்கித் தண்ணீர் கேன்களுக்கு நடுவில் படுக்க வைத்து, பூஜாவை ஏற்றிக்கொண்டு, அந்த ஜனக்கடலில் வண்டியை ஓட்டிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வந்து விசாரித்த போலீஸ் ஏட்டு, "வண்டி நம்பரு தெரியுமா? பாத்த சாட்சி யாருனா இருக்காங்களா? இல்லாட்டா அடையாளம் தெரியாத வண்டினு எழுதி மூட வேண்டியதுதான்" என்றார்.

சாட்சி. அன்பரசன் காதில் அந்த வார்த்தை மணி அடித்தது போல விழுந்தது. மாதக்கணக்காக அவனிடம் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதானே.

"நான் இருக்கேங்க. சாட்சி நான் சொல்றேன்" என்றான்.

ஏட்டு, தள்ளியது யார், நெற்றியில் என்ன இருந்தது என்றெல்லாம் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்பரசனை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். செயலாளர் பதற்றத்தில் போய்விட்டார், நாலு பேர் முன்னால் சொன்னால் மனசு கேட்காமல் வந்து அந்த அம்மாவைப் பார்ப்பார் என்றுதான் அவன் நினைத்தான். ராஜ்யத்தை அவன் நம்பினான். எங்கள் சபையில் அதை நம்பியது அநேகமாக அவன் ஒருவன்தான்.

மறுநாள் போதகருக்குப் போன் செய்தான். "ஐயா, சாட்சி சொல்லிட்டேங்க."

"எங்கப்பா?"

"போலீஸ்ல."

"காவல் நிலையத்துலயா! அதிகாரிங்க முன்னாடியா!"

"ஆமாங்க. எழுதி வாங்கிக்கினாங்க. தேவைப்பட்டா கோர்ட்டுல ஜட்ஜய்யா முன்னாடியும் சொல்லணுமாம்."

"அல்லேலூயா! ஆதித் திருச்சபையில கேள்விப்பட்டது. இப்ப நம்ம சபையில!" என்று கத்தினார் போதகர். என்ன சாட்சி என்று கேட்க அவருக்கு நேரமில்லை. அந்த ஞாயிறு தலைமையிடத்திலிருந்து ஒரு பெரியவர் ராஜ்யத்தின் முன்னேற்றத்தைப் பார்வையிட வருகிறார். காட்டுவதற்கு ஏசியைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். "சண்டே நீதான்பா முதல் சாட்சி. தேர்டு ஓலையும் அன்னிக்கே வாசிச்சுடறேன்" என்று போனை வைத்தார்.

ஞாயிறன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. பெரியவர் சோபாவின் நடுவில், பக்கத்தில் புதுத் தோள்பட்டையோடு செயலாளர். அன்பரசனை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவன் மனைவி மணிமொழி முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். "நல்லபடியா முடியும்ணா, செயலாளர் ஐயா தங்கமான மனுஷன்னு இவரு சொல்றாரு" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

நாக்கு ஒட்டத்தான் செய்தது. ஆனாலும் பேசினான். "பௌர்ணமி அன்னிக்கு நான் தண்ணி கேன் எடுத்துக்கினு வந்தேங்க."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. எங்களுக்கு அது வழக்கம். சாட்சி சொல்கிறவர் மூச்சு விட்டால் நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

"நம்ம கேட்டாண்ட ஒரு அம்மா நின்னுக்கினு இருந்தாங்க."

"ஸ்தோத்திரம்!"

"அப்ப செயலாளர் ஐயா காரு வந்துச்சு."

"அல்லேலூயா!" தலைமையிடத்துப் பெரியவர் திரும்பிச் செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அந்தம்மா கால் மேல ஏறிடுச்சுங்க."

"அல்லே..." என்று பாதிச் சபை ஆரம்பித்து நின்றது.

"ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க. ஐயாவுக்கு அவசரம், மீட்டிங்குக்குப் போயிட்டாரு. ஏட்டய்யா சாட்சி கேட்டாரு, பாத்தத சொன்னேன். அந்தம்மா பேரு காசியம்மா. பெரியாஸ்பத்திரியில மூணாவது வார்டுல இருக்காங்க. ஐயா ஒரு நடை வந்து பாத்தா..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். கீபோர்டுக்காரன் சமயோசிதமாகக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வாசிக்க ஆரம்பித்தான். செப்டம்பர் மாதம். அவன் கைக்கு அவசரத்தில் அதுதான் வந்தது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அன்று மதியமே குழு கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள், தோள்பட்டையில் ஜரிகை குத்துகிறது என்று. செயலாளர் எழுந்தார். குரலில் கோபமே இல்லை, ஆபீஸ் குரல்.

"மேற்படி சம்பவம் நடந்த இடம் காம்பவுண்டுக்கு வெளியே. உபகுழு இன்னும் அங்க வரைக்கும் வரலை. அந்தம்மா பிறனா இல்லையான்னு இன்னைக்குத் தேதியில யாராலும் சொல்ல முடியாது. தீர்மானம் ஆகாத ஒரு நபர் மேல நான் அன்பு செலுத்தலைன்னு எப்படிக் குற்றம் சாட்டறீங்க? ரெண்டாவது, நான் போனது என் சொந்த வேலைக்கா? பிறனை நேசிக்கிறதைப் பத்தின கூட்டத்துக்கு. அன்னைக்கு நான் இறங்கிப் பாத்திருந்தா கோரத்துக்கு ஆள் இல்லாம கூட்டம் ரத்தாயிருக்கும். ஒரு காலுக்காக எல்லாருடைய அன்பையும் தள்ளிப் போட முடியுமா?"

குழுவினர் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கூடப் பார்த்தேன்.

அன்பரசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "நீங்கதானுங்க சாட்சி சொல்லச் சொன்னீங்க" என்றான்.

போதகர் தாங்க முடியாமல் எழுந்தார். "தம்பி, உனக்கு அடிப்படையே தெரியல. கர்த்தர் செஞ்சதைச் சொன்னா அது சாட்சி. செயலாளர் செஞ்சதைச் சொன்னா அது புகார்!"

சொல்லிவிட்டுத் தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார். அந்த அறையில் ஒருவனாவது எழுந்து அந்த வாயில் ஒன்று வைத்திருக்கலாம்.

பிறகு தீர்மானத்தைச் சொன்னார்கள். அன்பரசன் ஸ்டேஷனுக்குப் போய், கூட்டத்தில் வண்டி சரியாகத் தெரியவில்லை என்று மாற்றிச் சொல்ல வேண்டும். சபையிலும் வந்து, தன் பார்வைக் கோளாறைக் கர்த்தர் சரிசெய்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். பார்வைக் கோளாறு நீங்குவது முதல் தரமான சாட்சி, உடனே ஏற்கப்படும் என்று செயலாளரே உறுதி அளித்தார். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறே வாசிக்கப்படும். மாற்றிச் சொல்லாவிட்டால் ஓலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. "எந்தச் சபையில போய் வாசிக்கறதுன்னாலும் எங்க கடுதாசி வேணும். ஞாபகம் வச்சுக்கோ" என்றார் போதகர்.

அந்த வாரம் சபையார் வீடுகளில் எல்லாம் தண்ணீர் கேன் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்பரசன் வீட்டுக்கு நான் போயிருந்தேன். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கல்யாணப் புடவை கட்டில் மேல் இருந்தது. ஜாக்கெட் தைத்தது நான்தான்.

"பொண்ணு வாழ்க்கைண்ணா" என்றான் என்னிடம். "சரியாத் தெரியலனு ஒரு வார்த்தை. அவ்ளோதான். யாருக்குத் தெரியப் போவுது?"

மணிமொழி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்தேன். அந்தம்மா இனிமே குந்திக் களை எடுக்க முடியாதாம். கேஸு நின்னாத்தான் ஏதாவது வரும். அவங்க மக என் கையைப் புடிச்சுக்கினு, 'அண்ணன் சொன்னதுல நிப்பாரா அக்கா'னு கேக்குது. நான் என்னா சொல்லட்டும்?"

தென்றல் பேசினாள். கொஞ்சம் கோபக்காரப் பெண். "ப்பா, நீ பொய் சொல்லி அந்த ஓலைய வாசிச்சாங்கன்னா, தடை இருக்கானு கேப்பாங்க இல்ல? அப்ப நானே எழுந்திருச்சு இருக்குனு சொல்லுவேன். மாறன்கிட்டயும் பேசிட்டேன். அவரு ரிஜிஸ்டர் ஆபீசு போதும்ங்கறாரு."

"சபையில்லாமயா?"

"சபை எங்கப்பா இருக்குது?"

ஞாயிறன்று அன்பரசன் வந்தான். போதகர் முகமெல்லாம் பல்லாக, ஓலையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, "பார்வை பெற்ற சகோதரர்" என்று அறிவித்தார். அன்பரசன் மைக் முன்னால் நின்றான். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க" என்றான். "அன்னிக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நான் சொன்னேன். என் குரல் தனியாகக் கேட்டது. போதகர் ஓலையை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அன்பரசன் குடும்பம் சாட்சியில்லாக் குடும்பம் என்று அன்றே அறிவிக்கப்பட்டு, வாசல் பலகையில் ஒட்டப்பட்டது. வருஷக் கடைசியில் தலைமையிடத்துக்குப் போன அறிக்கையில், தேவனுடைய ராஜ்யம் வேங்கிக்காலில் முழுமையாக நிறைவேற்றப்பட்டது, ஒரே ஒரு குடும்பம் நீங்கலாக என்று எழுதியிருந்தார்கள். பிறன் நிர்ணய உபகுழுவுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

சர்க்காரும் ஓலை வாசிக்கிறது என்று தென்றல் கல்யாணத்தின்போதுதான் தெரிந்துகொண்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் தென்றல் பெயரையும் மாறன் பெயரையும் ஒட்டி, தடை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு மாதம் விட்டுவைத்தார்கள். எங்கள் செயலாளர் போய்த் தடை சொன்னாராம். "பொண்ணுக்கோ பையனுக்கோ முன்னாடியே கல்யாணம் ஆயிருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, சபை ஒழுங்கு நடவடிக்கை என்றாராம். "அதெல்லாம் இங்க கெடையாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று நாங்கள் கொஞ்சப் பேர்தான். குமாஸ்தா பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மூணு சாட்சி வேணும். யாரு யாரு?" என்றார். நான் ஒருவன். மாறனின் சித்தப்பா ஒருவர். மூன்றாவது ஆளாக எங்கள் சபையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை; மற்றவர்கள் யாரும் ஆதார் கொண்டுவந்திருக்கவில்லை. அன்பரசன் முகம் வெளுத்துவிட்டது.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பூஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கோலோடு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் துணிச்சுற்றுமாகக் காசியம்மாள் இறங்கினாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கல்யாணம் பார்க்க வந்தவள், நாங்கள் நிற்கிற கோலத்தைப் பார்த்து, "என்னாப்பா ஆச்சு?" என்று கேட்டாள். மணிமொழி சொன்னாள்.

காசியம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் போடறேங்க. கையெழுத்து நல்லாப் போடுவேன். ஆதார் காட் மடியிலயே இருக்குது" என்றாள்.

குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணுக்கு நீங்க என்னம்மா உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க. நான் பிறத்தியாளு."

"அப்ப நீங்க எதுக்கும்மா சாட்சிக்கு வந்தீங்க?"

காசியம்மாள் அன்பரசனைக் கைகாட்டினாள். "அவரு எனக்கு சாட்சி சொன்னாரு. அவரு பொண்ணுக்கு நான் சொல்லக் கூடாதா?"

அன்பரசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். குமாஸ்தா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் போட்டார். "நின்னுக்கினே போட வேணாம்மா. உக்காந்து பொறுமையாப் போடுங்க" என்றார்.

அந்த ஆபீசில் எந்த ராஜ்யமும் அமலுக்கு வந்ததாக யாரும் அறிவிக்கவில்லை.